விலைக்கு வாங்கிய மகள்

"இன்னும் கொஞ்சம் கீழ இறக்கு. தலை இடிக்கப் போகுது."

ஜன்னலுக்கு உள்ளே பெர்லா நின்றிருந்தாள். வெளியே, கையை நீட்டியபடி எஸ்த்ரேயா. இருவருக்கும் நடுவில், துணியில் சுற்றிய கைக்குழந்தை இருமிக்கொண்டிருந்தது. ஜன்னல் குறுகல். ஒரு கம்பியை அன்று காலையில்தான் பெர்லாவின் கணவன் கழற்றி வைத்திருந்தான். வாசல் வழியாகக் கொடுத்தால் செல்லாது. வாசலில் காத்திருக்கும் மரண தூதன் பார்த்துவிடுவான்.

"வாங்கிக்கோ அக்கா" என்றாள் பெர்லா.

"நீ விட்டாத்தானே வாங்க முடியும்."

"விட்டாச்சு."

"விடலை. பிடிச்சிட்டிருக்க."

பின்னால் நின்ற சோல் சிரித்தாள். எங்கள் முற்றத்தில் யார் வீட்டில் எது நடந்தாலும் முதலில் வந்து நிற்பவள், சிரிப்பவள், அவள்தான். "சந்தையில ஆடு விக்கறவன்கூட இதைவிடச் சீக்கிரம் கயித்த விட்டுருவான்" என்றாள்.

"சும்மா இரு" என்றார் ஹாகாம் மக்லூஃப். எங்கள் ஜெபக்கூடத்தின் பெரியவர் அவர். "எஸ்த்ரேயா, காசை வை. சொல்ல வேண்டியதைச் சொல்லு."

எஸ்த்ரேயா ஒரு செப்புக் காசை ஜன்னல் திட்டில் வைத்தாள். சொல்லிக் கொடுத்தபடியே சொன்னாள். "இந்தப் பிள்ளையை நான் வாங்கிட்டேன். இவ என் மக. இவ பேரு மெர்காதா."

மெர்காதா என்றால் வாங்கப்பட்டவள். அதுவரை அந்தக் குழந்தையின் பெயர் லூனா.

"பெர்லா, இனிமே நீ யாரு?"

"பிள்ளையைப் பார்த்துக்கற ஆயா."

"யாரு பிள்ளையை?"

பெர்லா குழந்தையின் துணி மடிப்பைச் சரிசெய்தாள். "எஸ்த்ரேயா அக்கா பிள்ளையை."

அப்போதுதான் கை விட்டது.

எஸ்த்ரேயா குழந்தையை மார்போடு சேர்க்கவில்லை. சூடான தட்டை ஏந்துவதுபோல உடம்பைவிட்டுத் தள்ளியே ஏந்திக்கொண்டு முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றினாள். வாசல் வழியாக உள்ளே போய்ப் பெர்லாவின் கையில், ஆயாவிடம் கொடுப்பதாகக் கொடுத்தாள். பிறகு மழைநீர்த் தொட்டிக்குப் போய்க் கை கழுவினாள். நெடுநேரம் கழுவினாள்.

*

ஸஃபேத் மலையூரின் யூதத் தெருவில் அப்போது பிள்ளை சாகாத வீடு அபூர்வம். துருக்கியர் காலம். ஒரு வருஷம் வாந்திபேதி, ஒரு வருஷம் அம்மை. பெர்லாவுக்கு இதற்கு முன் பிறந்தவை எதுவும் நடக்கும் வயதுக்கு வரவில்லை. எஸ்த்ரேயாவுக்குப் பிறந்தவை எல்லாம் உயிரோடு இருந்தன.

அது அவளுக்குக் கிடைத்த பாக்கியம் என்று ஊர் சொன்னது. அவளுக்கு அது பயம்.

அவள் கணவன் ஷெம்தோவ் ஆட்டுப்பாலில் பாலாடைக்கட்டி போடுகிறவன். அதிகாலையில் மேய்ப்பர்களிடம் பால் வாங்கி வருவான். உறைகுத்திப் பிரம்புக் கூடைகளில் அழுத்தி, உப்புநீரில் போடுவது எஸ்த்ரேயாவின் வேலை. அவள் கை எப்போதும் வெளுத்து, விரல் நுனிகள் சுருங்கியே இருக்கும். வீட்டுக்குள் நுழைந்தால் மோர் வாசனையும் அருவதாத் தழை வாசனையும் சேர்ந்து அடிக்கும். அருவதாவைக் கண்திருஷ்டிக்காகப் பிள்ளைகளின் சட்டை மடிப்புகளில் தைத்து வைத்திருந்தாள். ஒவ்வொரு சட்டையிலும் ஒரு நீல மணி. பண்டிகைக்குக்கூடப் பிள்ளைகளை ஒன்றாக வெளியே அனுப்ப மாட்டாள். இரண்டு பேர் முன்னால், மற்றவர்கள் வேறு சந்து வழியாக. எத்தனை பிள்ளைகள் என்று யாராவது கேட்டால், "பசிக்கிற வாய் இருக்கு" என்பாள். கிழவியாகிப் பல்லெல்லாம் விழுந்த பிறகும் அந்தக் கேள்விக்கு அவளிடமிருந்து எண்ணிக்கை வந்ததில்லை.

பிள்ளை இல்லாத பெண்கள் அவள் பாவாடை விளிம்பைத் தொட்டுவிட்டுப் போவார்கள். அவர்கள் போன பிறகு அந்த விளிம்பை உப்புநீரில் நனைப்பாள்.

பெர்லாவின் குழந்தைக்குக் கக்குவான் இருமல் வந்தபோது ஹாகாம் மக்லூஃப் எஸ்த்ரேயாவின் வீட்டுக்குத்தான் வந்தார். ஒரு கால் சற்று இழுத்து நடப்பவர். வாசற்படியில் உட்கார்ந்து மூக்குப்பொடி டப்பியை எடுத்தார்.

"வாங்கிக்க" என்றார். "உன் பிள்ளைன்னு ஆயிட்டா அவளைத் தேடி வர்றவனுக்கு வழி தப்பிப் போகும். உன் வீட்டுப் பக்கம் அவன் வந்ததில்ல."

எஸ்த்ரேயாவுக்கு அந்தக் கடைசி வாக்கியம் பிடிக்கவில்லை. அதை உரக்கச் சொல்லியிருக்க வேண்டாம். "வேற யாரும் இல்லையா ஹாகாம்?"

"நானா தேர்ந்தெடுக்கிறேன்? முதல் மனுஷனோட உடம்புல எல்லா ஆத்மாவும் இருந்துச்சு. ஒருத்தன் புருவத்துலேர்ந்து வந்தவன், ஒருத்தி குதிகால்லேர்ந்து வந்தவ. அங்க பக்கத்துல பக்கத்துல இருந்ததுங்க இங்க வந்தும் ஒண்ணையொண்ணு தேடும். நீயும் பெர்லாவும் ஒரே முற்றத்துல, ஒரே தொட்டித் தண்ணியில இருக்கீங்க. அது சும்மாவா? உன் பலம் அவளுக்குப் போகட்டும்."

"பலம் அந்தப் பக்கம் போகும்னா, நோவு இந்தப் பக்கம் வருமா?"

ஹாகாம் பொடியை உறிஞ்சினார். தும்மல் வரவில்லை. காத்திருந்தார். "கையில முள்ளு குத்தினா உடம்பு குனியுது. எனக்கும் குத்துமான்னு முதுகு கேக்குதா?"

அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். எஸ்த்ரேயாவின் காதில் விழுந்தது வேறு. உடம்பு முழுவதும் குனியும். மறுக்கவும் பயமாக இருந்தது. கையை மூடிக்கொள்கிறவளுக்கு மேலேயும் கை மூடும் என்று அவள் நம்பினாள். அதனால் சரி என்றாள்.

*

வாங்கியது பெயரளவில்தான். குழந்தை பெர்லாவின் வீட்டிலேயே இருந்தது. பெர்லாவுக்குப் பயத்தில் பால் வற்றிப் போயிருந்தது. ஆட்டுப்பாலில் வெந்நீர் கலந்து துணி நுனியில் நனைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். எஸ்த்ரேயாவின் கடைசிப் பையன் ரஹமீம் இன்னும் பால் குடிக்கிறவன். முற்றத்தில் எல்லோருக்கும் தெரியும். யாரும் கேட்கவில்லை, சோலைத் தவிர.

"உன் மக துணியைச் சப்பிட்டிருக்கா, எஸ்த்ரேயா. அம்மாக்காரி இங்க கூடை கழுவற."

"ரஹமீமுக்கே பத்தலைடி."

"அவன் கன்னத்தைப் பார்த்தா அப்படித் தெரியலையே."

"கண்ணு போடாத."

"போடலை. ரெண்டு கண்ணும் என்கிட்டயேதான் இருக்கு."

எஸ்த்ரேயா தினமும் ஒருமுறை தொட்டியருகே நின்று, "மெர்காதா என் மகளே, எப்படி இருக்க?" என்று கேட்பாள். ஹாகாம் அப்படிக் கேட்கச் சொல்லியிருந்தார். நாலு பேர் காதில் விழ வேண்டும். உள்ளேயிருந்து பெர்லா, "உங்க மக நல்லா இருக்கா, எஜமானி" என்பாள். கூடவே இருமல் கேட்கும். கக்குவான் இருமலைக் கேட்டவர்களுக்குத் தெரியும். விடாமல் இருமி, கடைசியில் மூச்சை உள்ளே இழுக்கும்போது ஒரு கூவல் வரும். அந்தக் கூவல் வரும்வரை கேட்கிறவர்களும் மூச்சுவிட மாட்டார்கள்.

அடுத்த வாரம் அந்தக் கூவல் எஸ்த்ரேயாவின் வீட்டுக்குள் கேட்டது.

முதலில் சுவரைத் தாண்டி வருவதாகத்தான் நினைத்தாள். கூடையை வைத்துவிட்டுத் திரும்பினாள். ரஹமீம் பாயில் உட்கார்ந்திருந்தான். முகம் நாவற்பழ நிறத்தில் இருந்தது. வாய் திறந்திருந்தது, சத்தம் இல்லை. பிறகு கூவல் வந்தது. பிறகு வாந்தி எடுத்தான்.

அவள் அவனைத் தூக்கவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். கால் நகரவில்லை என்று பிற்காலத்தில் கூடைகளைக் கழுவிக்கொண்டே சொல்லியிருக்கிறாள். யாரோ வீட்டுக்குள் வந்து தனக்குப் பின்னால் நிற்பதாகத் தோன்றியது. திரும்பிப் பார்த்தால் இருப்பது உறுதியாகிவிடும்.

"முற்றம் முழுக்கப் பிள்ளைங்க இருமுதுங்க" என்றான் ஷெம்தோவ், மாலையில். "நம்ம பெரியவளுக்கு இது வந்துட்டுப் போன வருஷம் உனக்கு ஞாபகம் இல்லையா?"

"அப்போ நான் யாரையும் வாங்கலை."

"அதுக்கும் இதுக்கும் என்ன?"

"ஒரே உடம்புன்னு அவர் சொன்னாரு. கதவைத் திறந்து விட்டுட்டேன். அவன் அந்தப் பிள்ளையைத் தேடி வர்றான். எஸ்த்ரேயாவோட பிள்ளைன்னு சொல்லி அனுப்பியிருக்காங்க. இங்க வந்து பார்க்கிறான். இங்க ஒண்ணு இருமுது."

ஷெம்தோவ் ரொட்டியைப் பிட்டுக்கொண்டே இருந்தான். பிட்டதைத் தின்னவில்லை. "ஹாகாம்கிட்ட கேளு" என்றான்.

*

கேட்டாள். மறுநாள் வெள்ளிக்கிழமை. ஹாகாம் ஜெபக்கூடத்து வெளித்திண்டில் விளக்குத் திரிகளை நறுக்கிக்கொண்டிருந்தார்.

"திருப்பி வித்துடலாமா?"

"அவ கல்யாணத்தன்னைக்குப் பெத்தவ காசு குடுத்துத் திருப்பி வாங்கிக்குவா. அதுதான் வழக்கம். அதுக்கு முன்னாடி இல்ல."

"அதுவரைக்கும் என் பையன் இருக்கணுமே ஹாகாம்."

அவர் கத்தரியைக் கீழே வைத்தார். "எஸ்த்ரேயா, ஆம்பளைங்க தினம் காலையில ஜெபத்துக்கு முன்னாடி என்ன சொல்றாங்க? பக்கத்துல இருக்கறவனை என்னை மாதிரியே நேசிக்கிறேன்னு ஏத்துக்கறேன், இப்படித்தானே? அதைச் சொல்லாத ஜெபம் கூரையைத் தாண்டாது. நீ அவளுக்காகக் கேளு. உன் பையனுக்கும் கிடைக்கும்."

"சரி" என்றாள்.

ஹாகாம் குளியலுக்குப் போனார். வெள்ளிக்கிழமை மதியம் ஆண்கள் எல்லோரும் அடிவாரத்து ஊற்றில் முழுக்குப் போடப் போவார்கள். கூடம் காலியாக இருந்தது. பெரும் துன்பம் வந்தால் பெண்கள் வேதத் திருச்சுருள்கள் இருக்கும் பேழைக்கு நேராகப் போய்த் திரையை விலக்கி, கதவைத் திறந்து அழுவது எங்களில் உண்டு. எஸ்த்ரேயா திறந்தாள். உள்ளே சுருள்கள் பட்டு உடுத்து நின்றிருந்தன. தலையை உள்ளே நுழைத்தாள். பழைய துணி வாசனை.

"ரஹமீம், எஸ்த்ரேயாவோட மகன்" என்றாள். நோயாளியைத் தாயின் பெயரோடு சொல்வதுதான் முறை. "ரஹமீம், எஸ்த்ரேயாவோட மகன். அவனை விட்டுடு."

அதோடு நிறுத்தியிருந்தால் போதும். ஆனால் அவள் மனது கணக்குப் போட்டது. எஸ்த்ரேயாவின் பெயரில் மேலே இப்போது இரண்டு நோயாளிகள். ஒன்றைத்தான் எடுத்துக்கொள்வார்கள் என்று வைத்துக்கொண்டால், எதை? பெயர் தெரியாமல் வருகிறவன் கைக்கு முதலில் அகப்படுவதைத்தான் எடுப்பான். பாயில் உட்கார்ந்திருக்கிறவனை எடுப்பான்.

குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "மெர்காதான்னு என் பேர்ல ஒருத்தி இருக்கா. அவ என் மக இல்ல. அவ லூனா. பெர்லாவோட மக. தொட்டிக்குப் பக்கத்து வீடு. நீலக் கதவு."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்குக் கேட்டது. கதவை மூடினாள். திரையை இழுத்தாள். திரை வளையங்கள் கம்பியில் உரசிய சத்தம் கூடம் முழுவதும் போய்த் திரும்பி வந்தது.

மலைப்படிகளில் இறங்கும்போது ஒரு யோசனை அவளைத் தாங்கியது. நேசம் இல்லாமல் சொன்னது கூரையைத் தாண்டியிருக்காது. கொஞ்ச தூரம் அதைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அப்புறம் தோன்றியது: அப்படியானால் ரஹமீமுக்காகக் கேட்டதும் அங்கேயேதான் கிடக்கிறது. ஒன்று போயிருந்தால் இரண்டும் போயிருக்கும். எதை விரும்புவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

*

முற்றத்துக்குள் நுழைந்ததும் தண்ணீரைப் பார்த்தாள். பெர்லாவின் நீலக் கதவுக்கு அடியிலிருந்து வந்து, கற்களின் இடுக்குகளில் புகுந்து, அவள் காலை நோக்கி வந்துகொண்டிருந்தது.

எங்களில் சாவு விழுந்த வீட்டில், பானையில், குடத்தில் இருக்கிற தண்ணீரையெல்லாம் வெளியே கொட்டிவிடுவார்கள். தூதன் தன் கத்தியை அதில் கழுவியிருப்பான் என்பார்கள். வாயைத் திறந்து யாரும் சாவைச் சொல்ல வேண்டியதில்லை. தெருவில் தண்ணீரைப் பார்த்தால் போதும்.

எஸ்த்ரேயா பெர்லாவின் வாசற்படியில் விழுந்தாள்.

"நான்தான் காட்டிக் குடுத்தேன். பேரைச் சொன்னேன் பெர்லா. பேழையைத் திறந்து உன் பேரைச் சொன்னேன். வீட்டைச் சொன்னேன். லூனான்னு சொன்னேன்."

பெர்லா கையில் துணியோடு நின்றிருந்தாள். பாவாடையை இடுப்பில் செருகியிருந்தாள். வெள்ளி மாலை தொடங்கும் சபாத் ஓய்வுநாளுக்காகத் தரையைக் கழுவிக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். அவளுக்குப் பின்னால் தொட்டிலில் குழந்தை இருமியது. இழுத்தது. கூவியது.

எஸ்த்ரேயா நிமிர்ந்து பார்த்தாள். சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது.

தொட்டியடியில் குடம் நிரப்பிக்கொண்டிருந்த சோல், "வாங்கின சரக்கைத் திருப்பி அனுப்பிட்டா போலிருக்கு" என்றாள். யாரும் அவளைப் பார்க்கவில்லை.

பெர்லா துணியைப் பிழிந்தாள். மெதுவாக, முழுவதும் பிழிந்தாள். "எந்த வீடுன்னு சொன்ன?"

"தொட்டிக்குப் பக்கத்து வீடு."

"கதவு?"

"நீலம்னு சொன்னேன்."

பெர்லா தன் கதவைப் பார்த்தாள், அதில் யாராவது சாய்ந்து நிற்கிறார்களா என்பதுபோல. பிறகு உள்ளே போனாள். குழந்தையைச் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தாள்.

"இனிமே இவ இங்க இருக்கக் கூடாது. இடம் தெரிஞ்சு போச்சு. உன் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போ. பால் குடு."

"ரஹமீமுக்கே எங்கிட்ட…"

"பொய் சொல்லாத. உன் சட்டையைப் பாரு."

எஸ்த்ரேயா குனிந்து பார்த்தாள். குழந்தையின் குரல் கேட்டதில் மார்பு சுரந்து சட்டையின் முன்பக்கம் இரண்டு இடங்களில் நனைந்திருந்தது.

"நீ எனக்குக் குடுத்தது பேரு ஒண்ணுதான்" என்றாள் பெர்லா. "அதையும் போய்த் திருப்பி எடுத்துக்கிட்ட. பாலைக் குடு. குடிச்ச பாலைத் திருப்பி எடுத்துக்க முடியாது. அப்போ அவனுக்கு எது உன்னுது, எது என்னுதுன்னு தெரியாம போகட்டும்."

"மன்னிச்சிட்டேன்னு சொல்லு பெர்லா. நீ சொல்லலைன்னா ரெண்டும் போயிடும்."

"அதை அப்புறம் பேசலாம். சூரியன் இறங்குது. எழுந்திரு அக்கா."

அக்கா என்று சொன்னாள். அது மன்னிப்பா, பழக்கமா என்று எஸ்த்ரேயா கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை.

*

வீட்டில் மூத்தவர்களைப் பின்னறைக்கு அனுப்பிவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். ரஹமீம் தானாக வந்து ஒரு பக்கம் ஏறிக்கொண்டான். இன்னொரு பக்கம் பெர்லாவின் குழந்தை. அவ்வளவு லேசாக இருந்தாள், கூடையில் நீர் வடிந்த பாலாடைக்கட்டியின் எடைகூட இல்லை. முதலில் குடிக்கத் தெரியவில்லை, துணி நுனிக்குப் பழகிய வாய். எஸ்த்ரேயா பீச்சி அவள் உதட்டில் விட்டாள். உதடு அசைந்தது. பிறகு பிடித்துக்கொண்டாள். மெல்லிய, சூடான பிடி.

பயம் குறையவில்லை. இதையும் அவள்தான் சொன்னாள். முன்பு பயம் ஒரு பாயில் உட்கார்ந்திருந்தது. இப்போது மடியின் இரண்டு பக்கமும் இருந்தது. இவள் மூச்சு நின்றால் அவனைப் பார்த்தாள், அவன் மூச்சு நின்றால் இவளைப் பார்த்தாள். ஒரு தடவை இரண்டும் சேர்ந்து நின்றன. அப்போது யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டு கூவல்கள், ஒன்றின் மேல் ஒன்று, வந்தன. எது யாருடையது என்று பிரித்தறிய முடியவில்லை.

ஷெம்தோவ் குளித்துவிட்டு ஈரத் தாடியோடு வந்தான். வாசலில் நின்றான். "இது யாரு?" என்றான், தெரிந்தும்.

"நம்ம மக" என்றாள்.

"இவளையும் சேர்த்தா எத்தனை?"

"வாயை மூடு."

சபாத் விளக்கேற்றும் நேரம் வந்தது. மூத்த பெண்ணை ஏற்றச் சொன்னாள். ஏற்றிய பிறகு தாய்மார்கள் பிள்ளைகளின் பெயர்களை முணுமுணுத்து வேண்டிக்கொள்வது வழக்கம். எஸ்த்ரேயா எதுவும் சொல்லவில்லை. அன்று அவளுக்குத் தன் வாயின்மேல் நம்பிக்கை இல்லை.

*

மறுநாள் சபாத். ஷெம்தோவ் ஜெபக்கூடத்துக்குப் போனான். நோயாளிகளுக்கான ஜெபத்தில் ஹாகாம் ரஹமீமின் பெயரையும் மெர்காதாவின் பெயரையும் சொன்னார். இரண்டு பெயருக்கும் எஸ்த்ரேயாவின் பிள்ளை என்றுதான் சொன்னார். முற்றத்தில் நடந்தது அவர் காதுக்கு எட்டியிருந்ததா என்று தெரியவில்லை. ஷெம்தோவ் திரும்பி வந்ததும், இரவு முழுதும் அடுப்பில் இருந்த பானையைத் திறந்து, பழுப்பேறிய முட்டைகளைச் சாப்பிட்டார்கள். ரஹமீம் ரொட்டி கேட்டான். கொடுத்ததில் பாதியை வாந்தி எடுத்தான். குழந்தை நாலு தடவை பால் குடித்தாள், ஒரு தடவை கக்கினாள். மதியத்துக்குப் பிறகு காய்ச்சல் ஏறியது. பெர்லா வந்து சுவரோரம் உட்கார்ந்து ஈரத் துணி போட்டாள். குழந்தையைத் தன் மடிக்குக் கேட்கவில்லை. சோல் உப்பிட்ட பூசணி விதை கொண்டுவந்து கொடுத்துவிட்டு வாசலோடு திரும்பிப் போனாள். சாயங்காலம் காற்று அடித்தது. நட்சத்திரங்கள் தெரிந்து சபாத் முடிந்த பிறகு அடுப்பு மூட்டினார்கள். அன்று மேய்ப்பர்களே பால் கொண்டுவந்தார்கள். ஷெம்தோவ் உறைகுத்தினான். எஸ்த்ரேயா உட்கார்ந்த இடத்திலிருந்து எழவில்லை. கூடைகளைப் பெர்லா கழுவினாள். இரண்டு பிள்ளைகளும் இருமிக்கொண்டிருந்தன.